சபையில் அன்பு எங்கே இருக்கிறது: சோற்றுப் பெட்டியிலா, சந்தா புத்தகத்திலா?

வாசகர் கேள்வி, 4 பிப்ரவரி 2024

சொந்த ஊர் சிவகாசி. வேலை மாறி சென்னைப் புறநகருக்கு வந்து ஆறு மாதம் ஆகிறது. ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைக்கு ஞாயிறு தவறாமல் குடும்பத்தோடு போகிறோம். வாசலில் கைகுலுக்குகிறார்கள், சிரிக்கிறார்கள். என் மனைவியின் பெயர் இன்றுவரை அங்கே ஒருவருக்கும் தெரியாது. கிறிஸ்தவ அன்பு நம் சபைகளில் பிரசங்கத்தோடு முடிந்துபோகிறது என்ற முடிவுக்கு வந்துவிட்டேன். மறுப்பவர்கள் உண்டா?

5 பிப்ரவரி, காலை

பாதி மறுக்கிறேன் தம்பி. அன்பு இல்லாமல் இல்லை. அது விருந்தாளிக்கென்று எடுத்து வைத்த அன்பு. வந்தவரைக் கவனிக்க நம் ஆட்களுக்கு நன்றாகவே தெரியும். வந்தவர் இங்கேயே இருக்கப் போகிறார் என்று தெரிந்ததும்தான் தடுமாற்றம். "எந்த ஊரு?" என்பார்கள். நீங்கள் சிவகாசி என்பீர்கள். "சிவகாசில எங்க? சாட்சியாபுரமா? அப்பா என்ன பண்றாங்க?" அந்த விசாரணை எதைத் தேடிப் போகிறது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அது தெரிந்த பிறகுதான் சிலருக்கு மூச்சே சீராக வரும்.

நான் நம்புகிற சோதனை ஒன்று உண்டு. அசனத்தன்று உங்களை உட்காரவைத்துப் பரிமாறுவதை நான் கணக்கில் எடுக்கமாட்டேன், யார் வந்தாலும் பரிமாறுவார்கள். உங்கள் கையில் சோற்றுப் பெட்டியைக் கொடுத்தார்களா?

5 பிப்ரவரி, இரவு

அசனம் என்றால் என்ன என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். சென்னையிலேயே பிறந்தவர்கள் போல.

திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்து சி.எஸ்.ஐ. ஊர்களில் ஆலயப் பண்டிகையை ஒட்டி ஊருக்கே போடும் சாப்பாடு அது. சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும். வீட்டுக்கு வீடு அரிசி தருவார்கள், நேர்ந்துகொண்டவர்கள் கிடா கொண்டு வந்து கட்டுவார்கள். முந்தின நாள் ராத்திரியே அடுப்பு மூட்டிவிடுவார்கள். சமையல் முழுக்க ஆண்கள். நாங்கள் உள்ளி உரிப்போம், தேங்காய் திருகுவோம், "உப்பு போதாது" என்று சொல்லிவிட்டு வாங்கிக் கட்டிக்கொள்வோம். வடித்த சோற்றை ஓலைப்பாயில் குன்று மாதிரி கொட்டி வைப்பார்கள். அங்கிருந்து பனையோலைப் பெட்டியில் அள்ளிக்கொண்டு பந்திக்கு ஓட வேண்டும். குழம்புக்கு வாளி. பக்கத்து ஊர் இந்துக்கள், இஸ்லாமியர்கள் எல்லாரும் வருவார்கள். தூக்குவாளியில் வீட்டுக்கும் வாங்கிக்கொண்டு போவார்கள்.

நான் வாழ்க்கைப்பட்டுப் போன ஊரில் ஒயரிங் வேலைக்கு வந்து தங்கிவிட்ட ஒருவர் இருந்தார். ஞானஸ்நானம் எடுத்தார், பாடகர் குழுவில் சேர்ந்தார், பண்டிகை என்றால் சீரியல் லைட் முழுக்க அவர் உபயம். அசனத்தன்று மட்டும் "நீங்க உட்காருங்க, நாங்க பார்த்துக்கிறோம்" என்று மரியாதையாக உட்காரவைத்துவிடுவார்கள். வருஷா வருஷம் அந்த மரியாதை. மரியாதையை வைத்தே ஒருவரைத் தள்ளி நிறுத்தலாம் என்பதை அங்கேதான் பார்த்தேன். ஒரு வருஷம் பந்தி நடுவில் ஆள் பற்றாமல்போய், என் கொழுந்தன் எதையும் யோசிக்காமல் அவர் கையில் பெட்டியைத் திணித்து "அண்ணாச்சி, கடைசி வரிசை!" என்று கத்தினார். இவர் ஓடினார். இலையில் இரண்டு பெரியவர்கள் ஒரு நொடி கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்கள். பின்னால் வந்த குழம்பு வாளிக்காரன் சோற்றில் குழி பறிக்கச் சொல்லி அதட்டினான். பசி. கையைத் திரும்ப வைத்தார்கள். அவ்வளவுதான் நடந்தது. தீர்மானம் எதுவும் போடவில்லை. அடுத்த வருஷம் பெட்டியை அவரே எடுத்துக்கொண்டார்.

6 பிப்ரவரி

"கொழுந்தன் யோசிக்காமல் செய்தாரா, யோசித்துச் செய்தாரா?" என்று கேட்கிறீர்கள். அவர் எதையும் யோசித்துச் செய்து நான் பார்த்ததில்லை. அவருடைய மைனி (அண்ணி) நான் சொல்வதால் உண்மை.

8 பிப்ரவரி

மதுரைக்காரர் ஒருவர் சரியான இடத்தில் பிடித்தார். இந்தச் சாப்பாட்டுச் சோதனை எங்கள் ஊரில் பிறந்ததில்லையாம், ரொம்பப் பழையதாம். உண்மை.

1833-ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வித்தியாசம் உறுதியாக, உடனே, கடைசியாக ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பெரிய எதிர்ப்பு, பலர் சபையை விட்டே போனார்கள். சுற்றறிக்கையால் ஆகவில்லை என்று தெரிந்த பிறகு மிஷனரிகள் சோற்றைக் கையில் எடுத்தார்கள். 1847-ல் மதுரையிலிருந்த அமெரிக்க மிஷன் அன்பின் விருந்து வைத்தது. ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த சமையல்காரர் சமைப்பார், மிஷனில் வேலை பார்த்த உள்ளூர் உபதேசிமார் எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட வேண்டும். சாப்பிட்டால் நீ சாதியை விட்டவன். மாட்டேன் என்றால் வேலையும் இல்லை, சபையில் இடமும் இல்லை. பலர் மாட்டேன் என்றுதான் சொன்னார்கள். 1850-ல் சென்னை மிஷனரி மாநாடும் ஏறக்குறைய இதே வழியைப் பரிந்துரைத்தது.

படிக்கும்போது கைதட்டத் தோன்றும். எனக்கும் தோன்றியது.

9 பிப்ரவரி

நேற்று எழுதியதைப் பற்றி ராத்திரி யோசித்தேன். அந்தச் சமையல்காரர் கண்ணில் நின்றார். அவர் சமைத்ததை யார் சாப்பிடுகிறார்கள், யார் முகம் சுளிக்கிறார்கள் என்று ஓரமாக நின்று பார்த்திருப்பார் இல்லையா? அந்த விருந்தில் அவர் சமைத்த சோறு மற்றவர்களுக்குப் பரீட்சைத் தாள். முடிந்த பிறகு அவரை உட்காரவைத்து யாராவது பரிமாறினார்களா? ஒரு மனிதரை வைத்து மற்றவர்களைச் சோதிப்பதை அன்பின் விருந்து என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒழிய வேண்டியதை ஒழிக்கத்தான் அப்படிச் செய்தார்கள், அதையும் சொல்ல வேண்டும்.

சோதனை வைத்த மிஷனரிகளே நம் ஆட்களோடு எப்படிப் பழகினார்கள் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்த அசரியா, பின்னால் தோர்ணக்கல் பிஷப் ஆனவர், 1910-ல் எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில் அத்தனை வெள்ளைக்காரர் முன்னால் எழுந்து நின்று பேசினார். ஏழைகளுக்கு உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உங்கள் சரீரத்தையும் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்பது அதன் சாரம். பைபிளில் அன்பைப் பற்றிப் பேசும் 1 கொரிந்தியர் 13-ஐ அவர்களுக்கே திருப்பிப் படித்துக்காட்டினார். சிலருக்குக் கோபம்கூட வந்ததாம். வரட்டும்.

11 பிப்ரவரி

இன்று எங்கள் சபையில் "முதல்முறையாக வந்திருப்பவர்கள் எழுந்து நிற்கவும்" என்றார்கள். கல்லூரிப் பெண் ஒருத்தி எழுந்தாள். எல்லாத் தலையும் திரும்பியது. பாட்டுப் பாடினார்கள். ஒரு பேனாவும் பைபிள் வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டையும் கொடுத்தார்கள். ஆராதனை முடிந்து அவள் செருப்பைத் தேடிப் போட்டு கேட்டைத் தாண்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவரும் பேசவில்லை. நான் போய்ச் சேர்வதற்குள் ஆட்டோ ஏறிவிட்டாள்.

பேனா நன்றாக எழுதுகிறதா என்றுகூடக் கேட்க ஆளில்லை.

13 பிப்ரவரி

எழுந்து நிற்கச் சொல்வதை ஆதரித்து வந்த பதில்களைப் படித்தேன். "எனக்கு அது பிடித்தது, முப்பது வருஷத்துக்கு முன் அப்படித்தான் என்னைக் கண்டுபிடித்தார்கள்" என்று ஒருவர். சரி, ஆளுக்கு ஆள் வேறு. கூச்ச சுபாவக்காரர்களைச் சபையில் நிறுத்தாதீர்கள் என்பதோடு விட்டுவிடுகிறேன்.

18 பிப்ரவரி

லெந்து என்கிற தவக்காலம், இறைச்சி இல்லாத வாரம், அசனத்தைப் பற்றி எழுதுவது உடம்புக்கு நல்லதில்லை. வேறு விஷயம்.

நற்கருணை ஆராதனையில் சமாதானம் கொடுப்போமே, அதைக் கவனித்திருக்கிறீர்களா? 1947 செப்டம்பர் 27-ல் சென்னை கதீட்ரலில் தென்னிந்தியத் திருச்சபை உருவானது. 1950-ல் புதிய ஆராதனை முறை வந்தபோது, சிரியன் கிறிஸ்தவர்களின் பழைய வழக்கத்திலிருந்து இதை எடுத்துக்கொண்டார்கள். குருவானவர் திருவிருந்து மேசையிலிருந்து ஆரம்பித்துத் துணை நிற்பவர்களுக்குக் கொடுப்பார். கொடுப்பவருடைய வலது உள்ளங்கை வாங்குபவருடைய வலது உள்ளங்கையில் படியும், இடது கை மேலே மூடும். அவர்கள் இறங்கி வந்து வரிசை வரிசையாகக் கொடுக்க, வாங்கியவர் அடுத்தவருக்குக் கொடுப்பார். உலகத்தில் பல சபைகள் பிற்பாடு சமாதான வாழ்த்தைத் திரும்பக் கொண்டுவந்ததற்கு நம்முடைய இந்த முறையும் ஒரு தூண்டுதல்.

இதில் எனக்குப் பிடித்தது, வாங்காமல் கொடுக்க முடியாது என்பது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் யாராக இருந்தாலும் அவர் கையிலிருந்துதான் உங்களுக்கு வரும். தேர்ந்தெடுக்க வழியில்லை. கையைத் தொடவே யோசித்த ஒரு சமூகத்துக்கு இதைக் கொடுத்தவர்கள் விவரம் தெரியாதவர்கள் இல்லை.

இப்போது கொரோனாவுக்குப் பிறகு எங்கள் சபையில் எல்லாரும் சுற்றிலும் திரும்பித் திரும்பிக் கும்பிடுகிறோம். தேர்தல் வேட்பாளர் மாதிரி.

19 பிப்ரவரி

தேர்தல் என்றதும் ஆளாளுக்குக் கதை சொல்ல ஆரம்பித்துவிட்டீர்கள். பல சபைகள் சேர்ந்த திருமண்டலத்தின், அதாவது டயோசீஸ் எலெக்‌ஷன் வருஷத்தில் சகோதர சிநேகம் பொங்கி வழியும், ஒத்துக்கொள்கிறேன். படுத்த படுக்கையாக இருக்கும் என் அத்தை வீட்டுக்கு ஒரே வாரத்தில் இரண்டு அணியும் வந்து ஜெபித்துவிட்டுப் போனார்கள். அத்தைக்கு ஓட்டு இல்லை என்று தெரிந்த பிறகு ஜெபம் சுருங்கிவிட்டது.

25 பிப்ரவரி

அத்தையைப் பற்றி எழுதியதிலிருந்துதான் இன்றைய கேள்வி வந்திருக்கிறது. ஒரு சகோதரி கேட்கிறார்: "சோற்றுப் பெட்டி கையில் கிடைத்தால்தான் சொந்தம் என்றால், பெட்டியைத் தூக்க முடியாதவர்கள்?"

நல்ல அடி. என் சோதனை உடம்பு தெம்பாக இருப்பவர்களுக்கானது. வேலை செய்து இடம் பிடிப்பதற்குப் பெயர் கிருபை இல்லையே. அத்தை இனி ஒரு வெங்காயம் உரிக்கப் போவதில்லை. ஆனால் மாதம் ஒருமுறை ஐயர் (எங்கள் பக்கம் போதகரை அப்படித்தான் கூப்பிடுவோம்) நற்கருணை கொண்டு வருகிறார். அவர் வராத மாதத்தில் அத்தைக்கு அப்பத்தைவிட, கூட வரும் ஐயரம்மா அன்றைக்குப் பிரசங்கத்தில் யார் தூங்கினார்கள் என்று சொல்லும் பகுதிதான் குறைகிறது.

அப்படியானால் கேள்வியை மாற்றிக்கொள்கிறேன். நீங்கள் ஒரு ஞாயிறு போகாவிட்டால் திங்கட்கிழமை யாராவது "ஏன் வரல?" என்று கேட்கிறார்களா? வருகைப் பதிவேட்டுக்காகக் கேட்பதைச் சொல்லவில்லை. சும்மா, கீரை வாங்கும் இடத்தில்.

2 மார்ச்

உறுப்பினர்கள் சபைக்குக் கட்டும் சந்தாவைப் பற்றி எழுதச் சொன்னீர்கள். தயக்கத்தோடு எழுதுகிறேன், ஊர் பெயர் வேண்டாம்.

ஒரு விதவைத் தாயார் இறந்துபோனார். கல்லறைத் தோட்டத்தில் இடம் கேட்டு மகள் போனபோது பொருளாளர் சந்தா புத்தகத்தைத் திறந்தார். பல வருஷ பாக்கி. அவர் கெட்டவர் இல்லை, குரலை உயர்த்தவும் இல்லை. "ரூல் இருக்கும்மா" என்றார். வெளியே சவப்பெட்டி வந்துவிட்டது, ஐஸ் உருகிக்கொண்டிருக்கிறது, உள்ளே வருஷ வாரியாகக் கூட்டிக்கொண்டிருக்கிறார்கள். கடைசியில் சொந்தக்காரர் ஒருவர் கட்டினார். ரசீது கொடுத்தார்கள். சாயங்காலம் அடக்கம் நடந்தது, "கிருபையின் காலம்" பற்றி உருக்கமான செய்தி. மகள் அதற்குப் பிறகு அந்த வாசலை மிதிக்கவில்லை. இப்போது ஒரு பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறாள். அங்கே என்ன கிடைத்தது என்று கேட்டேன். "பாஸ்டரம்மா அம்மா செத்த தேதியை ஞாபகம் வச்சிருக்காங்க" என்றாள்.

3 மார்ச்

சந்தாவையே ஒழிக்க வேண்டும் என்று இங்கே கொதிக்கிறவர்களுக்கு. நான் அந்தக் கட்சி இல்லை. பெரிய நன்கொடையாளர் ஒருவர் கையில் சபை போகாமல் இருப்பதற்கு இந்தச் சில்லறைச் சந்தாதான் காரணம். எங்கள் மாமியார் தலைமுறையில் உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டு வைப்பார்கள், சபைக்கு. கூலி வேலைக்குப் போகும் வீட்டிலும் அந்தப் பானை இருந்தது. "எங்க அரிசியும் சேர்ந்துதான் இந்தக் கோபுரம்" என்று ஒரு கிழவி சொல்ல முடிந்தது. அது பெரிய விஷயம்.

என் சண்டை புத்தகத்தை எப்போது திறக்கிறார்கள் என்பதில். உயிரோடு இருக்கும்போது அந்தத் தாயார் ஏன் கட்டவில்லை என்று ஒரு வருஷமாவது யாராவது வீட்டுக்குப் போய்க் கேட்டிருந்தால், பாக்கி என்பது கஷ்டத்தின் கணக்கு என்று தெரிந்திருக்கும்.

10 மார்ச்

கேள்வி கேட்ட தம்பி காணாமல் போய்விட்டார் என்று பார்த்தேன், இன்று எழுதியிருக்கிறார். கைக்குழந்தை ஆராதனையில் அழுததாம், முன்பெஞ்சு அம்மாள் திரும்பி ஒரு பார்வை பார்த்தாராம், எழுந்து வெளியே போய்விட்டார்களாம்.

அந்தப் பார்வை எனக்குத் தெரியும். அதே அம்மாள் தன் பேரன் அழுதால் பிஸ்கட் எடுப்பார். பக்கத்து பெஞ்சும் இதே வகைதான்: யாருக்கும் பட்டா கிடையாது, ஆனால் "இது எங்க இடம்". பைபிளில் யாக்கோபு இதைத் தன் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்திலேயே எழுதிவிட்டார். பொன்மோதிரக்காரருக்கு நல்ல இடம், கந்தைக்காரருக்கு "நீ அங்கே நில்லு". நம் ஊரில் இதைக் கல்லாலேயே கட்டினார்கள். வடக்கன்குளத்தில் 1872-ல் கட்டிய கத்தோலிக்கக் கோவிலுக்கு இரண்டு கிளை, கால்சட்டை மாதிரி. பீடம் ஒன்று, ஆனால் வேளாளர் ஒரு காலில், நாடார் மறு காலில். நடுச்சுவரை 1910-ல் இடித்தார்கள், கோர்ட் வரைக்கும் போனது. அசரியா எடின்பரோவில் பேசியதும் அதே வருஷம்தான், இப்போதுதான் கவனிக்கிறேன்.

தம்பி, அடுத்த வாரம் குழந்தையோடு உள்ளேயே இருங்கள். அழட்டும். ஒன்பது பத்து மாதத்துக் குழந்தைக்கு எந்தப் பெஞ்சு யாருடையது என்று தெரியாது.

17 மார்ச்

எங்கள் சபை ஹாலை ஜார்க்கண்ட் பிள்ளைகளுக்கு ஞாயிறு மத்தியானம் கொடுத்திருக்கிறோம். கட்டட வேலைக்கு வந்தவர்கள், நிறையப் பேர் லூத்தரன் சபைக்காரர்கள். வாடகை வாங்கவில்லை, மின்விசிறி போட்டுக்கொள்ளலாம், ரொம்பப் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். போன மாதம் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் ஒருத்தி கேட்டாள்: "அவங்க பண்டிகைக்கு நம்மளைக் கூப்பிட்டாங்களே, நம்ம பண்டிகைக்கு அவங்களைக் கூப்பிட்டோமா?" கூட்டத்தில் அமைதி. ஹாலைக் கொடுப்பது சுலபம், அவர்களை அசனக் கமிட்டியில் போடுவதற்கு மொழி தடையாம். வெங்காயத்துக்கு என்ன மொழி?

24 மார்ச், குருத்தோலை ஞாயிறு

தம்பி எழுதியதை அப்படியே போடுகிறேன்: "குருத்தோலைப் பவனிக்கு ஓலை கிழிக்க சனிக்கிழமை ஆள் வேண்டும் என்று அறிவிப்பு வந்தது, நான் போனேன். ஓலையில் சிலுவை முடையத் தெரியவில்லை. ஒரு தாத்தா சொல்லிக்கொடுத்தார். என் ஊரைக் கேட்டார். சிவகாசி என்றேன். 'அப்ப தீபாவளிக்கு வெடி வாங்கித் தருவியா?' என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை."

அந்தத் தாத்தாவைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

25 மார்ச்

"ஒரு தாத்தாவை வைத்து ஒரு சபையை மன்னித்துவிடுவதா?" என்று கோபப்பட்டவருக்கு: மன்னிக்கச் சொல்லவில்லை. அடக்கத்துக்கு முன் ரசீது போட்டதை நானும் மன்னித்தபாடில்லை. ஆனால் ஒட்டுமொத்தச் சபை ஒருவரை ஏற்றுக்கொள்வதை நான் பார்த்ததே இல்லை. ஒருவர் முதலில் ஏற்றுக்கொள்வார், மற்றவர்கள் வேறு வழியில்லாமல் பழகிக்கொள்வார்கள். என் கொழுந்தன் மாதிரி யோசிக்காத ஆள் யாராவது வேண்டியிருக்கிறது.

1 ஏப்ரல்

ஈஸ்டர் விடியற்கால ஆராதனை முடிந்து வந்து தூங்கி எழுந்துதான் இதை எழுதுகிறேன். தம்பியின் மனைவி பெயர் இப்போது எத்தனை பேருக்குத் தெரியும் என்று கேட்டிருந்தேன். "பாடகர் குழுவில் ஆல்ட்டோவுக்கு ஆள் இல்லையாம், இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இப்போது என் பெயர்தான் யாருக்கும் தெரியவில்லை, 'அவங்க வீட்டுக்காரர்' என்கிறார்கள்" என்று பதில்.

7 ஏப்ரல்

கடைசியாக வந்த இரண்டு கேள்விகளுக்குப் பதில்.

ஒன்று, பழைய சபையிலிருந்து மாற்றுக் கடிதம் வாங்க வேண்டுமா? இங்கேயே இருக்கப் போகிறீர்கள் என்றால் வாங்கிவிடுங்கள் தம்பி, அங்கே சந்தா பாக்கி இருந்தால் கட்டிவிட்டு. பிள்ளைக்கு ஞானஸ்நானம், வளர்ந்த பிறகு விசுவாசத்தை உறுதிசெய்யும் திடப்படுத்தல் என்று வரும்போது அலைய வேண்டியிருக்காது. வாக்காளர் பட்டியலில் பெயர் ஏறினால் இரண்டு அணியும் வீட்டுக்கு வந்து ஜெபிப்பார்கள், அதற்கும் தயாராக இருங்கள். காபித்தூள் கூடுதலாக வாங்கி வையுங்கள்.

இரண்டு, அசனக் குழம்புக்கு மசாலா அளவு. கொழுந்தனிடம் கேட்டேன். "கிடாவைப் பார்க்காம எப்படிச் சொல்ல?" என்கிறார்.